முதல் இலைக்காரனின் வயிறு

எங்கள் பங்காளிகள் கிடா வெட்டிச் சாமி கும்பிடும்போது முதல் இலை எனக்கு. மூத்த வீட்டு மூத்த மகன் என்பதால், அப்பாவுக்குப் பிறகு வந்தது. ஆத்தூர்ப் பக்கம் ஒரு புளியந்தோப்பில்தான் எங்கள் சாமி இருக்கிறது. படையல் முடிந்ததும் ஆம்பளைகள் மட்டும் வெறுந்தரையில் வரிசையாக உட்காருவார்கள். பெண்கள் அந்தப் பக்கம் வருவதில்லை. நான் ஒரு வாய் எடுத்து வைத்து, "சாப்பிடுங்கப்பா" என்று சொன்னால்தான் மற்றவன் சோற்றில் கை வைக்கலாம். நான் இலையை மடக்கினால்தான் மற்றவன் எழுந்திருக்கலாம். என் இலையில் எதையும் மிச்சம் வைத்து மடக்கக் கூடாது, அது சாமி குத்தம். தலைக்கறி, ஈரல், குவித்த சோறு எல்லாம் உள்ளே போயாக வேண்டும்.

திண்டுக்கல் டவுனில் நான் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். யார் வேண்டுமானாலும் கைதட்டிக் கூப்பிடுவார்கள், ஏறியதிலிருந்து இறங்கும்வரை திட்டுவார்கள். வருசத்தில் அந்த ஒரு மத்தியானம்தான் நான் சொல்லி ஊர் சாப்பிடும், நான் மடக்கி ஊர் எழுந்திருக்கும். அந்த இலையை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றது புரியும்.

எங்கள் வீட்டில் வயிறு என்பது நிலபுலம் மாதிரி, தகப்பனிடமிருந்து மகனுக்கு வருவது. அப்பா உட்கார்ந்தால் பரிமாறுகிறவன் வாளியோடு பக்கத்திலேயே நின்றுகொள்வான். இப்போது எனக்கிருக்கும் வயதில் ஒரு நாள் அவர் தூக்கத்திலேயே போய்விட்டார். நல்ல சாவு என்று ஊர் சொன்னது. பாடையில் வைத்தபோது இரண்டு பக்கமும் வெளியே தள்ளிக்கொண்டு நின்றார். "ஏலே, இன்னும் ரெண்டு மூங்கில வெட்டியாங்கப்பா, பெரியவரு பத்தாம நிக்கிறாரு" என்று யாரோ சொல்ல, அழுதுகொண்டிருந்தவர்களே சிரித்துவிட்டார்கள். நானும்தான் சிரித்தேன். என்னைப் பற்றியோ என் அப்பாவைப் பற்றியோ இருந்தாலும், நன்றாகச் சொன்ன சொல்லை என்னால் வெறுக்க முடியாது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். மற்றதெல்லாம் பின்சீட்டில் உட்கார்ந்தவர்கள் பேசிக் கற்றுக்கொடுத்ததுதான்.

அவர்கள் நன்றாகவே கற்றுக்கொடுத்தார்கள். பஸ் ஸ்டாண்டில் ஒரு கிழவி ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஆளு நெறஞ்சு போச்சே, அடுத்ததுல வாரேன்" என்றாள். வண்டியில் என்னைத் தவிர யாருமே இல்லை. பூ மார்க்கெட்டுக்குப் போகும் ஒருவர் தினமும் ஏறும்போது, "தம்பி, ஒனக்கும் சேத்து டிக்கெட்டு வாங்குறியா, இல்ல ஓசியாத்தான் வாரியா?" என்பார். என் மனைவியிடம் அவள் சொந்தக்காரி ஒருத்தி, "ஒம் புருசனக் கட்டிப்பிடிக்கணும்னா நடுவுல ஒரு டீ குடிச்சுட்டுத்தான் மறுபக்கம் போகணும்" என்றாளாம். இவள் வீட்டுக்கு வந்து அதை எனக்கு நடித்தே காட்டினாள், டீ குடிப்பது உட்பட.

எனக்கு இரண்டும் பெண் பிள்ளைகள். எனக்குப் பிறகு முதல் இலை சித்தப்பா மகனுக்குப் போகும். அவன் ஒல்லியானவன், என்மேல் ரொம்பப் பாசம் காட்டுவான். டவுனுக்கு வந்தால் என்னைத் தேடிப் பிடித்து புரோட்டாக் கடைக்குக் கூட்டிப் போவான். தான் ஒன்றைப் பிய்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்து, "அண்ணனுக்கு இன்னும் ரெண்டு போடுங்க, சால்னா ஊத்துங்க, வெறும் தட்டா இருக்குல்ல" என்பான். நான் சாப்பிடுவதைக் கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பான்.

"ஒங்க தம்பி ஒங்கள ஊட்டி ஊட்டியே அனுப்பி வச்சிருவாரு" என்றாள் மனைவி.

"ஒனக்கு ஏன் இம்புட்டு வன்மம்?"

"எனக்கென்ன வன்மம்? அவரு எலைக்குத் தண்ணி ஊத்துறாரு. நல்லா வளரட்டும்."

பகலிலேயே எனக்குத் தூக்கம் வர ஆரம்பித்தது. சவாரிக்கு நிற்கும்போது, பேசிக்கொண்டிருக்கும்போது, கையில் டீ கிளாஸ் இருக்கும்போதே தலை தொங்கும். ராத்திரியில் குறட்டை நின்று நின்று வருகிறது என்றும், நிற்கும்போதெல்லாம் எழுந்து உட்கார்ந்து என் மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பதாகவும் மனைவி சொன்னாள். அப்பாவுக்கும் அப்படித்தான் என்று பெருமையாகச் சொன்னேன். ஒரு காலையில் பூ மார்க்கெட் பக்கம் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிட்டேன். விழித்தபோது முன்சக்கரம் ஒரு மல்லிகைக் கூடைமேல் ஏறி நின்றது. கூடைக்காரம்மாவுக்குக் காலில் சிராய்ப்பு. அந்தம்மா தரையில் உட்கார்ந்தபடியே என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏண்டா தடியா, ஒன்னப் பெத்தவ ஒனக்குத் தொட்டில் கட்டிப் போடலயா? தூங்குறதுக்கு எங் கூடதான் கெடச்சுச்சா?"

கூட்டமே சிரித்தது. என் சட்டைமேல் மல்லிகைப்பூ ஒட்டியிருந்தது. அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்ந்திருந்தால் அந்தம்மா செத்திருப்பாள்.

மனைவி என்னை மதுரைக்குக் கூட்டிப் போனாள். ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி உடம்பெல்லாம் ஒயர் ஒட்டித் தூங்கச் சொன்னார்கள். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதாம். சர்க்கரையும் இருந்தது, ஈரலில் கொழுப்பும் ஏறியிருந்தது. டாக்டர் சின்ன வயசுக்காரர், சுற்றி வளைக்காமல் பேசினார்.

"உங்க அப்பா எத்தனை வயசுல இறந்தாரு?"

சொன்னேன்.

"இப்ப உங்களுக்கு என்ன வயசு?"

அதையும் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார். எடை குறைக்கிற ஆபரேசன் என்று மனைவிதான் பேச்சை எடுத்தாள். யூடியூபில் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள். இரைப்பையில் பெரும்பங்கை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு குழாய் மாதிரித் தைத்துவிடுவார்களாம். டாக்டர் கையால் அளவு காட்டினார். ஒரு சிறுமலை வாழைப்பழம் அளவு இருக்கும்.

"வெட்டினதத் திரும்ப வைக்க முடியுமா சார்?"

"முடியாது."

"வருசத்துக்கு ஒரு தடவ மட்டும் நல்லா சாப்பிடலாமா?"

அவர் மனைவியைப் பார்த்தார். "எலைக்காகக் கேக்குறாரு சார்" என்றாள் அவள். டாக்டருக்குப் புரியவில்லை. புரிய வைக்க எனக்கு அரை மணி நேரம் பிடித்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தச் சாமிகிட்ட லீவு கேளுங்க" என்றார்.

பங்காளிகளுக்குச் செய்தி போனதும் சித்தப்பா வீட்டுக்கே வந்துவிட்டார். அவர்தான் இப்போது எங்களில் மூத்தவர், பூசை முறையெல்லாம் அவர் சொல்வதுதான். நாற்காலியில் உட்கார்ந்து வேட்டியைச் சரி செய்துகொண்டு ஆரம்பித்தார்.

"ஏலே அப்பு, சோறு திங்கிற வயித்தக் கொண்டுபோய் அறுக்கக் குடுக்குறியாமே? அப்பன் வச்சுட்டுப் போனதுடா அது. காட்ட வித்தாலும் திரும்ப வாங்கிக்கலாம்."

"மூச்சு நின்னு போகுது சித்தப்பா."

"எல்லாருக்கும் ஒரு நாளு நிக்கத்தான் செய்யும்."

கூட வந்த தம்பி சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தான். "ஆளே இல்லாமப் போயிட்டா எலை மட்டும் எதுக்குப்பா? அண்ணன் இருந்தாப் போதும்" என்றான் தழுதழுத்த குரலில். சொல்லிவிட்டு, கொண்டு வந்திருந்த மட்டன் சுக்கா பொட்டலத்தை என் முன்னால் பிரித்து வைத்தான். ஆபரேசனுக்கு முன்னால் ஈரல் சுருங்குவதற்காக வெறும் மோரும் சத்துமாவுத் தண்ணீரும் குடித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. வாசனைக்கு எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மனைவி வந்து பொட்டலத்தை அப்படியே சுருட்டி அவன் சட்டைப் பையில் திணித்தாள். எண்ணெய் சட்டையில் இறங்கியது. "வீட்டுக்குப் போயித் தொவைக்கச் சொல்லுங்க கொழுந்தனாரே" என்றாள்.

இலையைப் பற்றி அவள் ஒரு கணக்கு வைத்திருந்தாள். கிடா வெட்டு வருவதற்குள் நன்றாகத் தேறிவிடலாம், அன்றைக்குக் கொஞ்சமாக வைக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ளலாம், நம்ம சனம்தானே. நானும் நம்பினேன். அதை நம்பித்தான் ஆபரேசனுக்குச் சம்மதித்தேன்.

ஆபரேசன் ஒன்றுமில்லை. தூங்கினேன், எழுந்தேன், தோள்பட்டை வரை வாயு ஏறி வலித்தது. அதற்குப் பிறகுதான் தண்டனை. ஒரு டம்ளர் தண்ணீரை மத்தியானம் முழுக்க உறிஞ்சிக் குடிக்க வேண்டும். சாப்பிடும்போது தண்ணீரே கூடாது. பிறகு கூழ், பிறகு மசித்த இட்லி. குழந்தைக்குக் கொடுக்கிற ஸ்பூனில் நாலு வாய் போனால் நெஞ்சில் கல் நிற்கும். அதற்குமேல் ஒரு வாய் போனால் நுரை நுரையாகத் திரும்பி வரும். சின்ன மகள் தன் பொம்மைத் தட்டைக் கொண்டுவந்து, "அப்பா, ஒனக்கு இதுவே பெருசு" என்றாள்.

தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. வயிற்றுத் தோல் காலி மூட்டைபோலத் தொங்கியது. குனியும்போது அது எனக்கு முன்னால் குனிந்தது. ஆனால் தூங்கினேன். நிஜத் தூக்கம். மனைவி மூக்கில் விரல் வைப்பதை நிறுத்தினாள். கொஞ்ச நாள் அவளுக்குத்தான் தூக்கம் வரவில்லை, சத்தம் இல்லாமல் பழக்கமில்லையாம்.

மறுபடி ஸ்டாண்டுக்குப் போனபோது, என்னைத் தடியன் என்று சொன்ன அதே வாய்கள் வேறு மாதிரி பேசின. "என்னண்ணே, சுகரா?" என்றார்கள். "ஏதும் கெட்ட வியாதி இல்லேல்ல?" என்றார்கள். ஒருவர் கை கொடுக்க வந்து, பாதியில் கையை இழுத்துத் தலையைச் சொறிந்துகொண்டார். ஏறிய ஓர் அம்மா, பக்கத்தில் இருந்தவளிடம், எனக்குக் கேட்காது என்ற நினைப்பில் சொன்னாள்: "நல்லா பூதம் மாதிரி இருந்தாருடி. இப்பப் பாரு, பூதத்துக்குச் சட்ட மட்டும் மிஞ்சியிருக்கு." அதைக்கூட ரசித்தேன். உயிரோடு இருந்தால்தானே கேட்க முடியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வருசம் திரும்பிக்கொண்டிருந்தது.

கிடா வெட்டு நாளைக்கு முன்னால் சித்தப்பாவிடம் போய், எனக்குக் கொஞ்சமாகப் போடச் சொல்லிக் கேட்டேன். "சாமிக்கு அளந்து வைக்கிறதாடா? எலைக்கு உள்ளது எலைக்கு" என்றார். மனைவி சொன்னது வேறு: "போகாதீங்க. காச்சல்னு படுத்துக்கங்க." போகாவிட்டால் இலை அன்றைக்கே தம்பிக்குப் போய்விடும். போனேன்.

நல்ல வெயில். புளிய மர நிழலில் அண்டாக்கள் கொதித்துக்கொண்டிருந்தன. பங்காளிகள் என்னைச் சுற்றி வந்து, புதிதாக வாங்கிய மாட்டைப் பார்ப்பதுபோல் முன்னும் பின்னும் பார்த்தார்கள். முதல் இலைக்கு முன்னால் உட்கார்ந்தேன். சோறு குவித்தார்கள். தலைக்கறி வந்தது, ஈரல் வந்தது, குழம்பு வந்தது. குவியலுக்குப் பின்னால் எதிர் வரிசை எனக்குத் தெரியவில்லை. நிழல் என் வரிசைக்கு மட்டும்தான் இருந்தது. மற்ற வரிசைகள் வெயிலில் உட்கார்ந்திருந்தன.

ஒரு ஈரல் துண்டை வாயில் வைத்து, "சாப்பிடுங்கப்பா" என்றேன். குரல் நன்றாகத்தான் வந்தது.

எல்லாரும் பாய்ந்தார்கள். நான் ஈரலை மென்றேன். கூழாகும்வரை மெல்ல வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் ஒரு பெண் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். விழுங்கிவிட்டுக் காத்திருந்தேன். அடுத்த துண்டு. காத்திருந்தேன். ஒரு கை சோறு. அதற்குள் கல் வந்து நெஞ்சில் உட்கார்ந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தபோது அங்கங்கே இலைகள் காலியாகியிருந்தன. கொஞ்ச நேரத்தில் எல்லா இலையும் காலி. ஒருவரும் எழுந்திருக்கவில்லை, எழுந்திருக்க முடியாது. அத்தனை பேரும் எச்சில் கையை நீட்டிக்கொண்டு என்னைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

"மெதுவாச் சாப்பிடட்டும்ப்பா, அண்ணனுக்குப் புது வயிறு" என்றான் தம்பி. சிரித்தார்கள்.

"அறுவடைக்குள்ள எந்திரிச்சிருவோமா?"

"எங் கை காஞ்சு போச்சு, இனிமே சொரண்டித்தான் எடுக்கணும்."

"டாக்டரு வயித்தத் தச்சப்ப வாயையும் சேத்துத் தச்சுட்டாரு போல."

இன்னொரு வாய் வைத்தேன். போகவில்லை. நெற்றியில் குளிர்ந்த வேர்வை பூத்தது, படபடவென்று வந்தது. ஒரு பெரியவருக்கு வெயிலில் தலை சுற்ற ஆரம்பித்தது. அவரையும் எழுந்திருக்க விடவில்லை, துண்டை நனைத்துத் தலையில் போட்டார்கள். இலையை மடக்கலாம் என்றால் குவியல் அப்படியே இருக்கிறது. மடக்காமல் இருக்கலாம் என்றால் ஊரே உட்கார்ந்திருக்கிறது. சிரிப்பு குறைந்து திட்டு ஆரம்பித்தது. யாரோ என் மனைவியைத் திட்டினார்கள், அவள்தான் அறுக்கச் சொன்னாளாம். அந்தக் கோபத்தில் தலைக்கறித் துண்டு ஒன்றை எடுத்து வாயில் போட்டு, மெல்லாமல் விழுங்கினேன்.

அது இறங்கவில்லை. அப்படியே திரும்பி வந்தது, தனக்கு முன்னால் போனதையெல்லாம் கூட்டிக்கொண்டு. நான் குனிவதற்குள் முதல் இலைமேலேயே விழுந்தது.

புளிய மரத்தில் காக்கா மட்டும் கத்தியது.

சித்தப்பா எழுந்தார். எழுந்திருக்கும் உரிமை அவருக்கும் கிடையாது, ஆனாலும் எழுந்தார். சாமிக்கு முன்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வந்து என்னைப் பார்க்காமல் மற்றவர்களிடம் பேசினார்.

"முத எலைக்காரன் போயிட்டா என்னப்பா செய்வோம்? பழைய எலையக் குழியில போட்டு மூடிட்டுப் புது எலை போடுவோம். அதத்தான் செய்யணும். வேற வழி கெடையாது."

"இவரு உக்காந்திருக்காரே" என்றது ஒரு குரல்.

"உக்காந்திருந்தா என்ன? சாமிக்குத் திங்கிற வாய்தான் கணக்கு. அது போயிருச்சு."

ஒருவரும் மறுக்கவில்லை. எல்லாருக்கும் கை காய்ந்திருந்தது.

மரத்துக்குப் பின்னால் குழி வெட்டினார்கள். அங்கே சமைத்ததை ஊருக்குள் எடுத்துப் போகக் கூடாது என்பதால், மிச்சம் விழுந்தால் புதைக்கக் கடப்பாரை எப்போதும் தயாராக இருக்கும். என் இலையை நாலு மூலையையும் பிடித்துச் சோறு, கறி, நான் வாந்தி எடுத்தது எல்லாவற்றோடும் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரு பிடி மண் சித்தப்பா போட்டார். அடுத்த பிடி தம்பி. பிறகு வரிசையாக எல்லாரும் வந்து ஆளுக்கு ஒரு பிடி போட்டார்கள். போட்டுவிட்டுப் பழக்கதோஷத்தில் ஒருவன் என்னிடம் வந்து, துக்கம் கேட்பதுபோல் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். பிறகுதான் அவனுக்கு உறைத்தது. கையை உதறிவிட்டு ஓடினான். அதற்குத்தான் அன்றைக்கு ரொம்பச் சிரித்தார்கள்.

புது இலை போட்டார்கள். தம்பி உட்கார்ந்தான். அந்த ஒல்லி உடம்புக்குள் அவ்வளவு இடம் இருந்தது எனக்குத் தெரியாது. குவியலைக் குனிந்த தலை நிமிராமல் தின்று தீர்த்தான், எலும்பை உறிஞ்சினான், இலையை வழித்தான். அவன் மடக்கியபோது, "அப்பாடா" என்று தோப்பே எழுந்தது. கை கழுவப் போகிறவர்கள் என்னைத் தாண்டித்தான் போனார்கள்.

வீட்டில் எல்லாவற்றையும் மனைவியிடம் சொன்னேன். மண் போட்டதையும் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டுக்கொண்டே வந்து, கை பிடித்தவன் இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு முடியாமல் தரையில் உட்கார்ந்து சிரித்தாள்.

"அப்ப எங்கண்ணன் எனக்குக் கோடிச் சேல போடணும்ல. போனப் போடுங்க, நல்ல பட்டா எடுக்கச் சொல்லுவோம்."

"என் மானமே போயிருச்சுடி."

"போகட்டும். ஒங்கப்பாவ மானத்தோடதான தூக்குனாங்க, ரெண்டு மூங்கி சேத்துக் கட்டி." சிரிப்பு அப்படியே நின்றது. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "எனக்கு அது வேணாம்."

கண்ணாடியில் தொங்குகிற தோலைப் பார்க்கும்போது, அந்த மத்தியானத்தை இன்னொரு தடவை கொடுத்தால் இந்தத் தையலைப் பிரித்துக்கொள்ளலாமா என்று இப்போதும் சில நாள் தோன்றுகிறது. அதை அவளிடம் சொன்னதில்லை.

இந்த வருசம் கிடா வெட்டுக்கு முன்னால் தம்பி போன் செய்தான். "அண்ணே, கெடாவ ஏத்திட்டு வரணும். வெளியாள்கிட்டச் சொல்ல மனசு வரல, நீயே வந்துரு" என்றான். போனேன். கிடாவை ஏற்றிக்கொண்டு, வழியெல்லாம் அது என் முதுகில் முட்ட, தோப்பில் கொண்டுபோய் இறக்கினேன். அண்டாக்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் வாஞ்சையாகத்தான் பேசினார்கள், பிள்ளைகளை விசாரித்தார்கள், மெலிந்தாலும் முகக்களை வந்துவிட்டது என்றார்கள். இருந்து சாப்பிட்டுவிட்டுப் போ என்று ஒருவரும் சொல்லவில்லை. தாங்களே மண் போட்டுப் புதைத்தவனை எப்படிப் பந்திக்குக் கூப்பிடுவது என்று நினைத்திருப்பார்கள்.

செத்த நேரம் நின்றேன். பிறகு வண்டியைத் திருப்பினேன். டவுனில் எனக்குச் சவாரி இருந்தது.